அரங்கேற்றத்திற்குப் பிறகு: சந்திரலேகாவின் நெடும்பாதை

வேங்கிக்கால் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் அண்ணாமலை முழு உருவில் தெரியும். திருவண்ணாமலை நகரம் வேலூர்ச் சாலை வழியே வளர்ந்து வந்து இந்த ஊரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. அலுவலர்களின் குடியிருப்புகளும் அவர்களது பிள்ளைகளுக்கான பயிற்சி வகுப்புகளும் அதையொட்டிப் பெருகின. அவற்றுள் ஒன்று பரதநாட்டிய வகுப்பு. நாங்கள் சில நண்பர்கள் மாதத்திற்கு ஒருமுறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசும் மாடியறைக்கு எதிர்வரிசையில்தான் அந்த வகுப்பு நடக்கிறது. எங்கள் பேச்சு எங்கே திரும்பினாலும் தட்டுக்கழியின் ஓசை அதனூடே ஒலித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மாலை, மகளை அழைத்துச் செல்ல வந்து காத்திருந்த ஓர் அம்மா எங்களிடம் கேட்டார்: "சார், நீங்கல்லாம் நெறைய படிக்கிறவங்க. பொண்ணு போன வருஷம் அரங்கேற்றம் முடிச்சிட்டா. இன்னும் ஆடணும்னு சொல்றா. ஆனா இதே மாதிரி ஆட மாட்டாளாம். நவீன நடனம்னு ஏதோ சொல்றா. அதுல சோறு கெடைக்குமா சார்?"

எங்களுக்குச் சட்டென்று விடை தோன்றவில்லை. நாவலாசிரியர் ஒருவரைப் பற்றிக் கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்போம். தமிழ்நாட்டில் நவீன நடனம் என்ற ஒன்று உண்டா, அதை வாழ்க்கையாக்கிக்கொண்டவர் யார், அவர் எந்த வழியில் சென்றார் என்று வரிசையாகச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் இயலவில்லை. அந்த அம்மாவுக்கு நாங்கள் பட்ட கடனை அடைக்கும் முயற்சியே இக்கட்டுரை. விடை தேடிப் போனபோது மீண்டும் மீண்டும் நாங்கள் வந்து நின்ற பெயர் ஒன்றே: சந்திரலேகா.

*

நவீனத்தைப் பேசுமுன் எங்கள் ஊர்க் கல்லைச் சொல்லியாக வேண்டும். அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரம். கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கித் தஞ்சை நாயக்கர் சேவப்பர் காலத்தில் நிறைவுற்றது. அதன் வாயிலைக் கடக்கும்போது பக்கச் சுவர்களில் சிறுசிறு கட்டங்களுக்குள் ஆடும் உருவங்களைக் காணலாம். அவை பரதரின் நாட்டிய சாத்திரம் விவரிக்கும் கரணங்கள். கரணம் என்பது கையும் காலும் உடலும் ஒருங்கிணைந்து இயங்கும் ஓர் அலகு. நாட்டிய சாத்திரம் 108 கரணங்களைக் கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயில், சிதம்பரம், கும்பகோணம் சாரங்கபாணி கோயில், விருத்தாசலம், திருவண்ணாமலை ஆகிய ஐந்து இடங்களில் அவை சிற்பத் தொடர்களாக அமைந்துள்ளன. தஞ்சையில் 81 கரணங்கள் மட்டும் முடிந்திருக்க, எஞ்சிய கற்கள் உளி படாமல் நிற்கின்றன.

தரிசன வரிசையில் நகர்வோர் பெரும்பாலும் இவற்றைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்களுள் முதன்மையானவர் பத்மா சுப்ரமணியம். கரணங்களைத் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, உறைந்த நிலைகளாக நாம் காண்பவற்றை இயக்கங்களாக மீட்டெடுக்க முயன்றவர் அவர். பழைய கல்லிலிருந்து ஆடும் உடலுக்குச் செல்லும் வழி அது. அதே சென்னையில், அதே தலைமுறைகளின் ஊடே, வேறொரு வழியும் இருந்தது. இன்று ஆடும் உடலை நோக்கி, உனக்கு முதுகெலும்பு இருக்கிறதா, நீ யாருக்காக ஆடுகிறாய் என்று கேட்கும் வழி அது. சந்திரலேகா சென்றது அவ்வழி.

*

அவர் சென்னைக்கு வந்த காலத்தின் நிலையைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். சதிர் என்று வழங்கிய ஆட்டம் பரதநாட்டியம் என்னும் பெயருடன் சபா மேடைக்கு வந்தது 1930களில். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் அதற்காக வாதாடினார். ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாற்றில் ஆடி, 1936-இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். மறுபுறம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நெடுங்காலம் போராடிய தேவதாசி முறை ஒழிப்பு 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டமாயிற்று. ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பங்களின் பெண்கள் மேடையிலிருந்து விலக, நடுத்தர வகுப்புப் பெண்கள் மேடைக்கு வந்தார்கள். இரு சாராருக்கும் ஆட்டத்தைக் கற்பித்தவர்கள் நட்டுவனார்களே. பாலசரஸ்வதி ஒருவர்தான் பழைய மரபின் உயிருள்ள சாட்சியாக மேடையில் ஓங்கி நின்றார்.

இதே காலத்தில் புதிய நடனத்தின் அலையொன்று வடக்கிலிருந்தும் வீசியது. உதய சங்கர் அல்மோராவில் நடத்திய கலை மையத்தில் பரதம் கற்பிக்கச் சென்றவர் பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை. அம்மையம் 1940களின் முற்பகுதியிலேயே மூடப்பட்டது. உதய சங்கர் தம் கனவைத் திரைப்படமாக்கச் சென்னைக்கு வந்தார். 1948-இல் வெளியான ‘கல்பனா’ ஜெமினி ஸ்டூடியோவில் உருவானது. இந்தியாவில் நவீன நடனத்தின் முதல் பெரும் முயற்சிக்குத் தமிழ் நட்டுவனார் ஒருவரும் தமிழ்நாட்டுப் படநிலையம் ஒன்றும் துணைநின்றதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

சந்திரலேகா பிரபுதாஸ் படேல் 1928 டிசம்பர் 6 அன்று மராட்டியத்தின் வாடாவில் ஒரு குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மருத்துவர், கடவுள் நம்பிக்கையில் ஐயம் கொண்டவர். தாயோ பக்தி மிக்கவர். சட்டம் படிக்கத் தொடங்கிய சந்திரலேகா அதைப் பாதியில் விட்டு, நடனம் கற்கச் சென்னைக்கு வந்தார். அவருக்கு வாய்த்த குரு காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை. கந்தப்ப பிள்ளையின் மாணவர், பாலசரஸ்வதிக்கு நட்டுவாங்கம் செய்தவர். ஆகவே சந்திரலேகாவின் கால்கள் கற்ற அடவு அந்த மூத்த மரபின் நேர்வழியில் வந்தது. கவிஞரும் நாடகக் கலைஞரும் சரோஜினி நாயுடுவின் தம்பியுமான ஹரீந்திரநாத் சட்டோபாத்யாய அவருடைய இளமைக்கால வழிகாட்டியாக இருந்தார். பாலசரஸ்வதியின் ஆட்டத்தையும் ருக்மிணி தேவியின் முயற்சிகளையும் அருகிருந்து கண்டார். அன்றைய சென்னை கொடுக்கக்கூடிய உயர்ந்த கல்வி முழுவதும் அவருக்குக் கிட்டியது.

*

1952-இல் அவருடைய அரங்கேற்றம் நடந்தது. ராயலசீமை அப்போது சென்னை மாநிலத்தின் ஒரு பகுதி. அங்கே கடும் வறட்சி. அந்நிகழ்ச்சி வறட்சி நிவாரண நிதிக்காக நடத்தப்பட்டது. எல்லப்ப பிள்ளை பாட, ‘மதுரா நகரிலோ’ என்னும் தெலுங்குப் பாடலுக்குச் சந்திரலேகா அபிநயித்துக்கொண்டிருந்தார். யமுனையின் நீர்ப்பெருக்கு, தோழியர் கூடி நீராடும் களிப்பு என்று கைகள் தண்ணீரை வரைந்துகொண்டிருந்தன. அந்நேரத்தில், நாளிதழ்களில் பார்த்த வெடித்த நிலமும், கையில் தகரக் குவளையோடு தண்ணீருக்கு வரிசையில் நின்ற மக்களும் கண்முன் வந்ததாகவும், ஒரு கணம் தாம் உறைந்து போனதாகவும் அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். கலையும் வாழ்வும் எதிரெதிரே நின்ற அக்கணத்தை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

அரங்கேற்றம் என்பது நம் குடும்பங்களில் என்னவாக ஆகிவிட்டது என்று அனைவருக்கும் தெரியும். பட்டுப்புடவை, பூ அலங்காரம், மண்டபம், சிறப்பு விருந்தினர், ஒளிப்படத் தொகுப்பு. பெரும்பாலான பெண்களுக்கு ஆட்டம் அன்றோடு முடிந்துவிடுகிறது. சந்திரலேகாவுக்கு அன்றுதான் கேள்வி தொடங்கியது. அந்தக் கேள்விக்கு மேடையிலேயே விடை கண்டுவிட்டார் என்று சொல்வதற்கில்லை. அதன் பிறகும் சில ஆண்டுகள் பெயர்பெற்ற தனிநடனக் கலைஞராகவே ஆடிவந்தார். 1960-இல் பரதத்தின் வரலாற்றையே பொருளாகக் கொண்டு ‘தேவதாசி’ என்னும் நிகழ்ச்சியை உருவாக்கினார். பிறகு மெல்ல மேடையை விட்டு விலகினார்.

நவீன நடனக் கலைஞரின் வாழ்க்கைப் பாதையை அறிய விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. 1960க்கும் 1984க்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 24 ஆண்டுகளில் அவர் மேடைக்கு வந்தது மிக அரிது. 1970களின் தொடக்கத்தில் நடனக் கலைஞர் காமதேவுடன் இணைந்து ஆடிய ‘நவக்கிரகம்’ குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. ஒரு நடனக் கலைஞருக்கு உடல் ஒத்துழைக்கும் சிறந்த ஆண்டுகள் என்று உலகம் கருதும் காலம் அது. அந்த ஆண்டுகளில் அவர் கவிதை எழுதினார். சுவரொட்டிகள் வடிவமைத்தார். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் தொடக்ககாலத் தூண்களில் ஒருவரான தசரத் படேலுடன் சேர்ந்து, காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-இல் ‘உலகமே என் குடும்பம்’ என்னும் கண்காட்சிக்கு உழைத்தார். தசரத் படேல், எழுத்தாளரும் மேடை ஒளியமைப்பாளருமான சதானந்த் மேனன் ஆகிய நண்பர்களுடன் ‘ஸ்கில்ஸ்’ என்ற மையத்தை நடத்தி, பெண்கள் அமைப்புகளுக்கும் சமூகச் செயல்பாட்டாளர்களுக்கும் சுவரொட்டி, அச்சு போன்றவற்றில் பயிற்சி அளித்தார். 1982-இல் அவர்மீதும் சதானந்த் மேனன்மீதும் தேசத்துரோக வழக்குப் பதிவாகிப் பின்னர் கைவிடப்பட்டது.

வெளிப்பார்வைக்கு இது நடனத்தைத் துறந்த வாழ்க்கை. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னாளில் அவர் ஆக்கிய நடனங்களைப் பார்த்தவர்கள் மேடையில் கண்ட கோடு, முக்கோணம், வட்டம் ஆகியவற்றின் துல்லியத்தில் அந்தச் சுவரொட்டிக் காலத்தின் கண் இருக்கிறது. பெண்ணுடலைப் பற்றிய அவருடைய கேள்விகளில் பெண்கள் இயக்கங்களோடு கழித்த நாள்கள் இருக்கின்றன.

*

1984-இல் பம்பாயில் மாக்ஸ் முல்லர் பவனின் முயற்சியால் கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு ஒன்று நிகழ்ந்தது. இந்தியக் கலைஞர்களும் ஐரோப்பியக் கலைஞர்களும் தத்தம் ஆக்கங்களைக் காட்டி விவாதித்த அந்த மேடையில் சந்திரலேகா மீண்டும் வெளிப்பட்டார். அடுத்த ஆண்டு, 1985-இல், ‘ஆங்கிகம்’ அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 56. எங்கள் ஊர் ஆட்சியர் அலுவலகத்தில் அந்த வயதை எட்டியவர்கள் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

‘ஆங்கிகம்’ என்ற சொல் நாட்டிய சாத்திரத்தில் உடலால் நிகழும் அபிநயத்தைக் குறிப்பது. தலைப்பே அவர் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டது. நகை, பட்டு, புன்னகை, கடவுளர் கதை ஆகியவற்றை நீக்கினால் பரதத்தில் எஞ்சுவது என்ன? உடலின் இயக்கம். அந்த இயக்கத்திற்கு யோகமும் களரிப்பயட்டும் உறவினர்கள் என்று அவர் கருதினார். கேரளக் களரிகளில் பயின்ற ஆடவரையும் பரதம் பயின்ற பெண்களையும் ஒரே மேடையில் நிறுத்தினார். ஆடவன் முதுகின்மேல் அமர்ந்து பெண் வரும் ‘நரவாகனம்’ என்னும் காட்சி அன்றைய பார்வையாளரைத் திடுக்கிடச் செய்தது. சிங்கத்தின் மீதும் மயிலின் மீதும் தெய்வங்கள் வருவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு மனிதனே வாகனமாவது புதிதாக இருந்தது.

அதன் பின் 16 ஆண்டுகளில் வந்த ஆக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டன. ‘லீலாவதி’ (1989), 12ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கராச்சாரியரின் கணக்குகளை நடனமாக்கியது. தேனீக்களையும் தாமரைகளையும் வைத்துப் போடப்பட்ட கணக்குகள் கர்நாடக இசையில் பாடப்பட, ஆடுவோர் அவற்றை உடலால் விடுவித்தனர். பக்தியும் சிருங்காரமும் இல்லாத பாடத்திற்கும் பரதத்தின் அடவு பொருந்தும் என்று அது காட்டிற்று. ‘பிராணம்’ மூச்சையும் யோக நிலைகளையும் கோள்களின் இயக்கத்தோடு இணைத்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த ‘ஸ்ரீ’யில் பெண்கள் முதுகு வளைந்து, குனிந்தபடியே மேடையைக் கடந்தார்கள். வரலாறு பெண்ணின் முதுகெலும்பை என்ன செய்தது என்பதே அதன் பொருள். அந்த முதுகு மெல்ல நிமிர்ந்து பல கைகள் கொண்ட தேவியின் உருவாக விரிவதில் அது முடிந்தது. ‘யந்திரம்’ (1994), ‘மகாகாலம்’ (1995), ‘ராகம்’ (1998), ‘சுலோகம்’ (1999) எனத் தொடர்ந்து, 2001-இல் ‘சரீரம்’ அவருடைய இறுதி ஆக்கமாக வந்தது.

‘ராகம்’ ஆணுக்குள் இருக்கும் பெண்மையைத் தேடியது. ‘சரீரம்’ ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மிக மிக மெதுவாக அசைவதில், உடலுக்குள் காமமும் ஆன்மிகமும் பிரிக்க முடியாதவை என்று பேசியது. குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசை அதற்குத் துணையாயிற்று. இவ்விரண்டைப் பற்றியும் படிக்கும்போது எங்களுக்கு நினைவு வருவது கார்த்திகைத் தீபத்தன்று மாலைப்பொழுது. மலைமேல் தீபம் ஏற்றப்படும் நேரத்தில், ஆண்டுக்கு ஒருமுறை, சில நிமிடங்களுக்கு மட்டும் அர்த்தநாரீசுவரர் வெளியே வருவார். சுமப்பவர்களின் தோளில் அவர் ஆடியபடியே வருவதை ஆயிரக்கணக்கானோர் பார்த்துக் கைகூப்புவர். ஆணும் பெண்ணும் ஓருடல் என்னும் எண்ணம் எங்கள் ஊருக்கு அயலானதன்று. அந்த எண்ணத்தைச் சந்திரலேகா மேடையில் மனித உடல்களைக் கொண்டு சொன்னபோதுதான் பலருக்குச் சங்கடம் வந்தது. இது பரதமா, இது நம் பண்பாடா என்ற கேள்விகளை அவர் இறுதிவரை எதிர்கொண்டார்.

அங்கீகாரமும் வந்தது. சங்கீத நாடக அகாதெமி விருது 1991-இலும், காளிதாஸ் சம்மான் 2003-இலும், அகாதெமியின் உயர்மதிப்பான உறுப்பாண்மை 2004-இலும் அவரை அடைந்தன. ஜெர்மானிய நடனக் கலைஞர் பினா பாஷ் அவருடைய தோழியானார். ருஸ்தம் பரூச்சா அவரைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1995-இல் வெளியாயிற்று. 2006 டிசம்பர் 30 அன்று சென்னையில் அவர் காலமானார்.

*

இனி அவர் எப்படிக் கற்பித்தார் என்பது. கலாக்ஷேத்திராவைப் போலப் பாடத்திட்டமும் பட்டமும் கொண்ட பள்ளி எதையும் அவர் நிறுவவில்லை. பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய அவருடைய வீடே பயிற்சிக்களம். பெரிய ஊஞ்சல் ஒன்று தொங்கிய அந்த வீடும், அதன் வளாகத்தில் ‘மண்டலா’ என்று பெயரிட்ட திறந்த அரங்கும், வந்தவர் எவரும் மறக்காத இடங்கள். அரைமண்டியை அவர் மண்டலம் என்றே எண்ணினார். முழங்கால் மடிந்து, இடுப்பு தாழ்ந்து, முதுகு நேராக நிற்கும் அந்நிலையில் உடல் ஒரு வரைவடிவமாகிறது, அங்கிருந்தே ஆற்றல் பிறக்கிறது என்பது அவருடைய அடிப்படைப் பாடம். வேகத்தைக் குறைத்து, ஒரே அசைவில் நீண்டநேரம் தங்கி, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கச் செய்வது அடுத்த பாடம். நிகழ்ச்சி தயாரானதும் கலைந்துவிடும் ஒத்திகையாக இல்லாமல், பயிற்சியே வாழ்க்கைமுறையாக இருந்தது.

அதன் பலனை இருவரிடம் காணலாம். பிலானியில் வேதியியல் படித்தவரும் சிறுவயதிலிருந்து பரதம் பயின்றவருமான பத்மினி செட்டூர், 1990களில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சந்திரலேகாவின் குழுவில் ஆடினார். பின் தனியே பிரிந்து, சந்திரலேகாவின் தேவியரும் குறியீடுகளும்கூட இல்லாத, இன்னும் கறாரான ஒரு நடனமொழியை உருவாக்கினார். குருவைப் பின்பற்றாமல் குருவின் கேள்வியைப் பின்பற்றியவர் என்று அவரைச் சொல்லலாம். மற்றவர் திஷானி தோஷி. அமெரிக்காவில் இலக்கியம் படித்துவிட்டு 2001-இல் சென்னை திரும்பிய கவிஞர். நடனப் பயிற்சி ஏதுமின்றி, இருபதுகளின் நடுவில் சந்திரலேகாவிடம் வந்து சேர்ந்தார். ‘சரீரம்’ நடனத்தில் களரிக் கலைஞர் ஷாஜி ஜானுடன் ஆடிய அவர், குருவின் மறைவுக்குப் பின்னும் பல ஆண்டுகள் அதை உலக மேடைகளில் ஆடிவந்தார். முறைப்படி கற்றவர் ஒருவர், கற்காமல் வந்தவர் ஒருவர். இருவரையும் ஏற்றுக்கொண்ட வகுப்பறை அது.

பத்மினியின் குழுவில் ஆடியவரும் லண்டன் லாபான் மையத்தில் பயின்றவருமான ப்ரீத்தி ஆத்ரேயா இப்போது தம் சொந்த ஆக்கங்களால் அறியப்படுகிறார். இவர்கள் சிலர் சேர்ந்து சென்னையில் ‘பேஸ்மென்ட் 21’ என்ற கூட்டமைப்பை நடத்தியுள்ளனர். பெங்களூரில் 1992-இல் தொடங்கிய ‘ஆட்டக்களரி’ இளம் கலைஞர்களுக்கு முறையான பட்டயப் பயிற்சி அளித்த முன்னோடி. அதை நிறுவிய ஜெயச்சந்திரன் பாலாழியும் சென்னையில் பரதம் பயின்ற பிறகே லண்டனுக்குச் சென்றவர். ஆக, நவீன நடனத்திற்கென ஒரு வழி நம் நிலத்திலிருந்தும் கிளைத்திருக்கிறது. அது ஒற்றையடிப் பாதை என்பதே உண்மை.

*

இந்த வரலாற்றைப் படித்து வியப்பதோடு நிறுத்திக்கொண்டால் அந்த அம்மாவுக்கு நாங்கள் நேர்மையாக விடை சொன்னவர்களாக மாட்டோம். சந்திரலேகாவால் 24 ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருக்க முடிந்ததற்கு அவருடைய துணிவு மட்டும் காரணமன்று. படித்த, வசதியுள்ள குடும்பப் பின்னணியும், ஆங்கிலமும், கடற்கரையோரத்தில் ஒரு வீடும், கலைஞர்களும் சிந்தனையாளர்களும் கூடிய நட்பு வட்டமும் அவருக்கு இருந்தன. அவருடைய ஆக்கங்களுக்கு வெளிநாட்டு விழாக்களும் பண்பாட்டு நிறுவனங்களும் மேடை அமைத்துத் தந்தன. அவர் வழியில் வந்தவர்களும் பெரிதும் அத்தகைய ஆதரவையே நம்ப வேண்டியிருந்தது. சென்னையின் மார்கழிச் சபாக்களில் இந்த நடனத்திற்கு இடம் அரிது. கல்லூரிகளில் இதற்கான ஆசிரியப் பணியிடங்களும் அரிது. வேங்கிக்காலின் ஒரு மாடி வகுப்பில் பயின்ற, மாதச் சம்பளக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த வீடும் இல்லை, அந்த வட்டமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்திரலேகாவின் உடலில் மரபை ஊன்றியவர் எல்லப்ப பிள்ளை. உதய சங்கரின் மையத்தில் மரபைக் கற்பித்தவர் கந்தப்ப பிள்ளை. நவீன நடனத்தின் வரலாறு எழுதப்படும்போது இந்த நட்டுவனார்கள் ஒரு வரியில் வந்து மறைகிறார்கள். அவர்களுடைய குடும்பத்துப் பெண்கள் மேடையை இழந்த காலமே மற்றவர்கள் மேடையேறிய காலம். புதியதைச் செய்யும் உரிமையும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்துவிடவில்லை. இதை மறந்துவிட்டு நாம் நவீனத்தைக் கொண்டாடுவது முறையாகாது.

அப்படியானால் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? எங்களுக்குள் பல நாள் விவாதம் நடந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார் எங்களில் ஒருவர். இல்லாத பாதையில் பிள்ளையை அனுப்புவது பாவம் என்பது அவர் வாதம். இன்னொரு நண்பர் எங்கள் மாவட்டத்திலேயே உள்ள புரிசையை நினைவூட்டினார். கண்ணப்பத் தம்பிரான் வழிவந்த தெருக்கூத்துக் கலைஞர்கள், விடிய விடியப் பாரதம் ஆடிய அதே கால்களோடு காப்ரியல் கார்சியா மார்க்வெஸின் கதையையும் ஆடிக் காட்டினார்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிகர்கள் அவர்களிடம் பயின்றார்கள். புதுமை செய்யக் கடற்கரை வீடு கட்டாயமில்லை என்பது நண்பரின் மறுமொழி. இரண்டு வாதங்களிலும் உண்மை இருப்பதாகவே எங்களுக்குப் பட்டது.

கடைசியில் அந்த அம்மாவிடம் நாங்கள் சொன்னவை மூன்று. இதில் உடனே சோறு கிடைக்காது, ஆகவே பிழைப்புக்கு ஒரு படிப்போ வேலையோ கையில் இருக்கட்டும் என்பது முதலாவது. வேதியியல் படித்தவரும் கவிதை எழுதியவரும் இந்தத் துறையில் நிலைத்திருக்கிறார்கள். கற்ற பரதத்தை விட்டுவிட வேண்டாம் என்பது இரண்டாவது. புதிதாக ஆடியவர்களில் பெரும்பாலோர் பழையதை முழுமையாகக் கற்ற பிறகே அதனோடு வாதிட்டார்கள். சில ஆண்டுகள் ஆடாமல் போனாலும் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம் என்பது மூன்றாவது. 1960-இல் விலகிய ஒருவர் 1985-இல் திரும்பி வந்துதான் தம் உண்மையான ஆட்டத்தைத் தொடங்கினார்.

அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அம்பத்தாறு வயசுலயா?" என்று மட்டும் ஒருமுறை திருப்பிக் கேட்டார். பக்கத்தில் நின்றிருந்த பெண் அதுவரை ஒன்றும் பேசவில்லை. அவள் கேட்டது வேறு கேள்வி: "அந்த ராயலசீமா டான்ஸ் அப்புறம் அவங்க முழுசா ஆடி முடிச்சாங்களா சார், இல்ல பாதியில நிறுத்திட்டாங்களா?"

ஆடி முடித்தார் என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம். அதைச் சொன்னோம். அவள் தலையசைத்துவிட்டுச் சலங்கைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவின் வண்டியில் ஏறினாள். மறுநாள் மாலையும் எதிர்மாடியில் தட்டுக்கழி ஒலித்தது.